ஆட்டு மூளையை அறுத்து மனித மூளையைப் படிக்கும் முறை

மூளைப் பகுதிகளின் பெயரையும் வேலையையும் கடகடவென்று ஒப்பிக்கத் தெரிந்தவர்கூட, உண்மையான மூளையைக் கையில் வாங்கியதும் திணறுவார். பாடப்படத்தில் நீலம், மஞ்சள், பச்சை என்று பிரித்துக் காட்டிய மடல்கள் நேரில் ஒரே வெளிர்பழுப்பாக இருக்கும். எல்லைக்கோடு எதுவும் தெரியாது. மூளையைப் பெயர் எழுதிய கட்டங்களாகப் படித்தால் இப்படித்தான் ஆகும். ஒரு பகுதிக்குள் நரம்பிழைகள் எங்கிருந்து வருகின்றன, அங்கிருந்து எங்கே போகின்றன என்று தொடர்ந்து போய்ப் பார்த்தால், அதன் வேலையைத் தனியாக மனப்பாடம் செய்யும் தேவை பெருமளவு குறைந்துவிடும். அப்படிப் பார்க்க, பதப்படுத்திய செம்மறி ஆட்டு மூளை ஒன்று போதும்.

ஆட்டு மூளையின் எடை சுமார் 130 முதல் 140 கிராம். மனித மூளை ஏறக்குறைய அதைப்போல் பத்து மடங்கு, 1,300 முதல் 1,400 கிராம். பெரும்பாலான பகுதிகள் இரண்டிலும் உண்டு. விகிதமும் கோணமும்தான் வேறு. ஆடு நான்கு காலில் நிற்பதால் அதன் பெருமூளை, சிறுமூளை, மூளைத்தண்டு மூன்றும் ஏறத்தாழ ஒரே கோட்டில் முன்பின்னாகக் கிடக்கும். மனிதனில் மூளைத்தண்டு செங்கோணத்துக்கு அருகில் கீழே மடங்குவதால், சிறுமூளை பெருமூளையின் பிற்பகுதிக்கு அடியில் போய்விடுகிறது. ஆட்டில் ‘பின்னால்’ இருப்பது மனிதனில் ‘கீழே’ இருக்கும் என்பதை முதல் நாளே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கடைசிவரை குழப்பம்தான்.

தயாரிப்பு

கல்வி ஆய்வகங்களுக்கென்று பதப்படுத்தி விற்கும் மூளையை வாங்குவது நல்லது. டியூரா மேட்டர் என்ற வெளியுறை நீக்காத மூளையாகக் கேளுங்கள். மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி அதில்தான் தப்பிப் பிழைக்கும். மாட்டு மூளை வேண்டாம். மாடுகளின் மூளையைத் தாக்கும் பிரியான் (உருக்குலைந்த புரதம்) நோய் மனிதருக்கும் தொற்றக்கூடியது, அந்தப் பிரியானைப் பதப்படுத்தும் திரவமான ஃபார்மலின் அழிப்பதில்லை.

புதிய மூளையை நீங்களே பதப்படுத்துவதானால் கணக்கில் கவனம் தேவை. கடையில் வரும் ஃபார்மலினில் 37 முதல் 40 சதவீதம் ஃபார்மால்டிஹைடு இருக்கும். அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்தால் கிடைப்பதுதான் ‘10 சதவீத ஃபார்மலின்’. அதில் ஃபார்மால்டிஹைடு உண்மையில் சுமார் 4 சதவீதமே. இந்த இரண்டு சதவீதங்களையும் குழப்பிக்கொண்டு இரண்டரை மடங்கு செறிவில் கரைசல் தயாரிப்பவர்கள் உண்டு. கண் எரிச்சல்தான் மிச்சம், மூளை அதனால் சீக்கிரம் பதமாகிவிடாது. கரைசலின் அளவு மூளையைப்போல் குறைந்தது பத்து மடங்கு, அதாவது ஒன்றரை லிட்டராவது இருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பழைய கரைசலை மாற்றிப் புதிதாக ஊற்றி, மொத்தம் இரண்டு வாரம் விடுங்கள். அவசரப்பட்டு ஐந்தாறு நாளில் எடுத்தால் வெளிப்புறம் விறைப்பாகவும் உள்ளே இளஞ்சிவப்புக் களிம்பாகவும் இருக்கும். கத்தி பட்டதும் உட்பகுதி இழுபட்டு, சாம்பல் நிறப் பகுதியும் வெண்ணிறப் பகுதியும் ஒன்றோடொன்று பூசிக்கொள்ளும். அதற்குப்பின் அந்த மூளையில் பார்க்க ஒன்றும் இருக்காது.

பாத்திரத்தின் அடியில் நேராகக் கிடத்தினாலும் கெட்டுப்போகும். தன் எடையிலேயே ஒரு பக்கம் தட்டையாகிவிடும். அடியில் பஞ்சு பரப்பி வையுங்கள். மனித மூளையைப் பதப்படுத்தும்போது, அடிப்புறத்தில் ஓடும் பேசிலார் தமனிக்கு அடியில் நூலைக் கோத்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது வழக்கம்.

அறுப்பதற்கு முந்தைய நாள் மூளையை ஓடும் நீரில் கழுவி, இரவு முழுக்க நல்ல நீரில் ஊறவிடுங்கள். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் இருப்பது. நைட்ரைல் கையுறை, கண்ணாடிக் கவசம், காற்றோட்டமான இடம் மூன்றும் கட்டாயம். கான்டாக்ட் லென்ஸ் அணிந்திருந்தால் கழற்றிவிடுங்கள். கருவிகளில், 20 செ.மீ. நீளத்துக்குக் குறையாத மெல்லிய கத்தி ஒன்று மிக முக்கியம். ஸ்கால்பெல் சிறு வேலைகளுக்கு மட்டும். அதை வைத்து மூளையைப் பிளக்கப் பார்த்தால் பலமுறை அறுக்க நேர்ந்து, வெட்டுமுகம் படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். முனை மழுங்கிய கத்தரி, ஃபோர்செப்ஸ், மழுங்கிய ஊசி அல்லது புரோப், நிறத் தலையுள்ள குண்டூசிகள், மெழுகு ஊற்றிய ட்ரே இருந்தால் போதும்.

உறையை நீக்குதல்

டியூரா தோல்போல் தடித்தது. பெருமூளையின் மேல் நடுக்கோட்டில் கத்தரியால் சிறு துளையிட்டு, முன்பின்னாக வெட்டிக்கொண்டு போங்கள். அது இரு அரைக்கோளங்களுக்கு நடுவிலும், பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் இடையிலும் மடிந்து இறங்கியிருக்கும். அந்த மடிப்புகளை இழுக்காமல் வெட்டி எடுக்க வேண்டும்.

சிக்கல் அடிப்புறத்தில் வரும். பிட்யூட்டரி டியூராவோடு ஒட்டியிருக்கும், மண்டை நரம்புகள் டியூராவைத் துளைத்து வெளியேறும். ஒரே இழுப்பில் உரித்தால் பிட்யூட்டரி காம்போடு பிய்ந்து வந்துவிடும், நரம்புகளும் வேரோடு போகும். டியூராவை மெல்லத் தூக்கி, ஒவ்வொரு நரம்பையும் டியூரா பக்கமாக வெட்டி, மூளைப் பக்கத்தில் அரை செ.மீ. காம்பு மிஞ்சும்படி விடுங்கள். பிட்யூட்டரி எப்படியும் போய்விட்டால், அது இருந்த இடத்தில் சிறு துளை ஒன்று தெரியும். அது மூன்றாம் வென்ட்ரிக்கிள் என்ற, மூளைக்குள் திரவம் நிறைந்த அறைக்குள் போகும் வழி. அதைக் காயம் என்று நினைத்துவிட வேண்டாம்.

டியூராவுக்கு அடியில் சிலந்தி வலை போன்ற அரக்னாய்டு, அதற்கும் அடியில் மேடுபள்ளம் விடாமல் ஒட்டியிருக்கும் பயா மேட்டர். பயாவை முழுக்க உரிக்க முயல வேண்டாம், பெருமூளையின் சாம்பல் நிற மேலடுக்கான புறணி கூடவே பிய்ந்துவிடும்.

மேற்புறமும் பக்கமும்: ஆட்டால் காட்ட முடியாதவை

இந்த இடத்தில் மட்டும் ஆட்டு மூளைக்குப் பக்கத்தில் மனித மூளை மாதிரி ஒன்றோ நல்ல படமோ வைத்துக்கொள்ளுங்கள். மனிதப் புறணியின் தடிமன் 2 முதல் 4 மி.மீ. மட்டுமே, அதன் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளங்களுக்குள் மறைந்திருக்கிறது. ஆட்டுக்கு நெற்றி மடல் சிறியது. மனிதனில் தெளிவாக இறங்கும் நடுப்பள்ளம் ஆட்டில் அந்த வடிவில் கிடைக்காது. ஆட்டு மூளையில் அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மனித மாதிரியில் முதலில் பக்கவாட்டுப் பெரும்பள்ளத்தைப் பிடியுங்கள். அதற்குக் கீழே பொட்டு மடல். மேலே, உச்சியிலிருந்து சாய்வாக அதை நோக்கி இறங்குவது நடுப்பள்ளம். நடுப்பள்ளத்துக்கு முன்னால் உள்ள மேடு தசைகளுக்கு ஆணை அனுப்புகிறது. பின்னால் உள்ள மேடு தொடுவுணர்வைப் பெறுகிறது. முன்மேடு நெற்றி மடலில் சேரும், பின்மேடு உச்சி மடலில் சேரும். இரண்டிலும் உடல் தலைகீழாகப் பதிந்திருக்கிறது: முகமும் நாக்கும் கீழே, கை அதற்கு மேலே, கால் உச்சியைத் தாண்டி இரு அரைக்கோளங்களுக்கு நடுவிலுள்ள உட்சுவரில். அந்த உட்சுவருக்கு இரத்தம் கொடுக்கும் முன் பெருமூளைத் தமனி அடைத்துக்கொண்டால், கையைவிடக் காலில் பலவீனம் அதிகமாக இருப்பது இதனால்தான்.

இடது நெற்றி மடலின் கீழ் மேட்டின் பின்பகுதியில் ஒரு குண்டூசி குத்துங்கள். பாரிஸில் 1861இல் பால் பிரோக்கா விவரித்த இடம் அது. ‘டான்’ என்ற ஓர் அசையைத் தவிரப் பெரும்பாலும் வேறெதுவும் சொல்ல முடியாத நோயாளி ஒருவர் இறந்தபின், மூளையின் அந்தப் பகுதி சிதைந்திருந்ததை அவர் கண்டார். 1874இல் கார்ல் வெர்னிக்கே விவரித்த இடம் இடது பொட்டு மடலின் மேல் மேட்டின் பின்புறம். அங்கே சேதமானவர் சரளமாகப் பேசுவார், பேச்சில் பொருள் இருக்காது. பிறர் சொல்வதும் புரியாது. இரண்டையும் பேச்சு ‘மையங்கள்’ என்று எழுதிவைப்பது பழக்கமாகிவிட்டது. இரண்டையும் இணைத்து வளைந்து போகும் இழைக்கற்றையையும் சேர்த்துப் படியுங்கள். பேச்சு அந்த இணைப்பு முழுவதையும் நம்பித்தான் நடக்கிறது.

மூளையின் பின்கோடியில் பிடரி மடல். பார்வைப் புறணி அங்கே இருக்கிறது. கண் முன்னால் இருக்க, பார்வை ஏன் பின்னால் என்ற கேள்விக்கு விடை அடிப்புறத்தில் கிடைக்கும்.

அடிப்புறம்: நேரத்தைச் செலவிட வேண்டிய இடம்

ஆட்டு மூளையைத் திருப்பிக் கவிழ்த்து வையுங்கள். பலரும் இதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுக் கத்தியை எடுக்கிறார்கள். அரை மணி நேரமாவது இங்கே செலவிடலாம். இழைகள் வெளியே தெரிவது இங்கேதான்.

முன்நுனியில் தடித்த இரண்டு முகர்வுக் குமிழ்கள். ஆட்டில் பெரியவை, மனிதனில் மெல்லிய தண்டின் நுனியில் சிறு வீக்கம்தான். அதிலிருந்து பின்னோக்கிப் போகும் வெள்ளைப் பட்டையை ஊசிமுனையால் தொடருங்கள். அது பொட்டு மடலின் உள்ளோரத்துக்கு, அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலாவும் நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸும் இருக்கும் பக்கமாகப் போய்ச் சேரும். பிற புலன்கள் மூளையின் நடுவில் தலாமஸ் என்ற இடைநிலையத்தில் இழை மாறிய பிறகே புறணிக்குப் போகின்றன. மணம் மட்டும் அங்கே நிற்காமல் நேராக வருகிறது. ஒரு வாசனை சட்டென்று பழைய நினைவையும் அச்சத்தையும் கிளப்புவதற்கான வழி உங்கள் ஊசிமுனைக்கடியில் ஓடுகிறது.

அதற்குச் சற்றுப் பின்னால் X வடிவம் ஒன்று தெரியும். அது இரு கண்களின் பார்வை நரம்புகள் குறுக்கிடும் ஆப்டிக் கயாஸ்மா. மனிதனில் இழைகளில் பாதிக்குச் சற்று மேல் இங்கே எதிர்ப்பக்கம் கடக்கின்றன: ஒவ்வொரு விழித்திரையிலும் மூக்குப் பக்கத்துப் பாதியிலிருந்து வருபவை கடக்கும், மற்றவை அதே பக்கத்தில் தொடரும். கண்கள் பக்கவாட்டில் இருக்கும் ஆட்டில் பெரும்பாலானவை கடந்துவிடும். கயாஸ்மாவுக்கு ஒட்டிப் பின்னால் பிட்யூட்டரிக் காம்பு இருப்பதைக் கவனியுங்கள். பிட்யூட்டரியில் கட்டி வளர்ந்து மேல்நோக்கி அழுத்தினால் முதலில் நசுங்குவது கடக்கும் இழைகள். அதனால் இரு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வை போகும், நேர் எதிரே இருப்பது தெரியும். இந்த ஓர் இடத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டவருக்கு அந்த நோய்க்குறியை மனப்பாடம் செய்யும் வேலை இல்லை.

காம்பைச் சுற்றியுள்ள தளம் ஹைப்போதலாமஸ். மனிதனில் அதன் எடை 4 கிராம் அளவில்தான் இருக்கும். உடல் வெப்பம், பசி, தாகம், ஹார்மோன் சுரப்பு எல்லாம் அதன் பொறுப்பு. அதற்குப் பின்னால் சிறு வெண்ணிற மேடு மாமிலரி உறுப்பு. ஆட்டில் ஒன்றாகத் தெரியும், மனிதனில் இரண்டு தனித்தனியாகத் தெரியும். பின்பு குறுக்காகப் புடைத்திருப்பது பான்ஸ். அதன் பக்கத்தில் தடித்த காம்பாக வெளிவருவது முகத்தின் தொடுவுணர்வைக் கொண்டுவரும் ஐந்தாம் மண்டை நரம்பு. மூளைத்தண்டில் அடையாளம் தடுமாறினால் இந்த நரம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள், இடம் தெரிந்துவிடும்.

அடுத்தது முகுளம். மூச்சு, இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், விழுங்குதல் இவற்றின் கட்டுப்பாடு இங்கே. அதன் நடுக்கோட்டின் இருபுறமும் நீளவாக்கில் இரண்டு மேடுகள் இருக்கும். ஆட்டில் சிறியவை, மனிதனில் தெளிவானவை. புறணியிலிருந்து தசைக்கு இறங்கும் இழைகள் அவற்றின் வழியாகப் போய், முகுளத்தின் கீழ் முனையில் 80 முதல் 90 சதவீதம் எதிர்ப்பக்கம் கடக்கின்றன. இடது மூளையில் பக்கவாதம் வந்தால் வலது கைகால் விழுவது இதனால்.

பின்பக்க இடைவெளி

மூளையைப் பழையபடி திருப்பி, சிறுமூளையைக் கட்டைவிரலால் மெல்லப் பின்னும் கீழுமாக வளையுங்கள். பெருமூளையின் அடியில் ஓர் இடைவெளி திறக்கும். அங்கே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை ஃபோர்செப்ஸால் நீக்கினால் நான்கு குன்றுகள் தெரியும். முன்ஜோடி பார்வைக்கு: அசையும் பொருளை நோக்கிக் கண்ணையும் தலையையும் திருப்பும். பின்ஜோடி செவியுணர்வின் வழியிலுள்ள நிறுத்தம். நான்குக்கும் முன்னால் நடுவில் ஒற்றையாகத் துருத்துவது மெலட்டோனின் சுரக்கும் பீனியல் சுரப்பி. சவ்வை முரட்டுத்தனமாக இழுத்தால் பீனியலும் அதோடு வந்துவிடும். எடுத்த சவ்வைத் தூக்கி எறியுமுன் அதில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

நடுவெட்டு

மூளையை மேற்புறம் மேலாக வைத்து, அரைக்கோளங்களை விரலால் லேசாக விலக்குங்கள். ஆழத்தில் வெள்ளைப் பட்டையாகத் தெரிவது கார்ப்பஸ் கலோசம். நீளக் கத்தியை நீரில் நனைத்து, அந்தப் பட்டையின் நடுவில் வைத்து, முன்னிருந்து பின்னாக ஒரே இழுப்பில் இறக்குங்கள். ரம்பம்போல் முன்னும் பின்னும் அறுக்கவோ, மேலிருந்து அழுத்தவோ வேண்டாம்.

வெட்டு சரியாக விழுந்ததா என்று சோதிக்க எளிய வழி உண்டு. வழுவழுப்பான சுவருள்ள மூன்றாம் வென்ட்ரிக்கிளும், அதிலிருந்து பின்னால் போகும் குறுகிய கால்வாயும் இரு பாதியிலும் தெரிய வேண்டும். ஒரு பாதியில் மட்டும் தலாமஸ் சொரசொரப்பாக வெட்டுப்பட்டுத் தெரிந்தால் இரண்டு மூன்று மி.மீ. விலகிவிட்டீர்கள். தடித்த பாதியிலிருந்து மெல்லிய சீவலாக எடுத்துத் திருத்திக்கொள்ளலாம்.

வளைந்த வெள்ளைப் பட்டை கார்ப்பஸ் கலோசம். மனிதனில் சுமார் 20 கோடி இழைகள் அதன் வழியே இரு அரைக்கோளங்களையும் இணைக்கின்றன. கடும் வலிப்புக்காக அதை அறுத்தவர்களை ஆராய்ந்ததற்காக ரோஜர் ஸ்பெர்ரிக்கு 1981இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அவர்களுக்கு இடப்பக்கப் பார்வைவெளியில் ஒரு பொருளின் படத்தைக் காட்டினால், பெயர் சொல்ல வராது. ஆனால் இடது கை அந்தப் பொருளைத் தடவிச் சரியாக எடுத்துவிடும்.

கலோசத்துக்கு அடியில் வளையும் இன்னொரு வெள்ளைக் கற்றை ஃபார்னிக்ஸ். அது ஹிப்போகேம்பஸிலிருந்து புறப்பட்டு மாமிலரி உறுப்பை நோக்கி இறங்குகிறது. நடுவில் முட்டை வடிவில் தலாமஸ். அதன் மையத்தில் வட்டமாக வெட்டுப்பட்டிருப்பது இரு தலாமஸ்களும் ஒட்டும் இடம். ஆட்டில் இது பெரிது. மனிதரில் சிறியது, சிலருக்கு இருக்காது. மூன்றாம் வென்ட்ரிக்கிள், குறுங்கால்வாய், சிறுமூளைக்கு அடியிலுள்ள நான்காம் வென்ட்ரிக்கிள் என்ற பாதையில் மழுங்கிய ஊசியை நகர்த்திப் பாருங்கள். மூளை-தண்டுவடத் திரவம் போகும் வழி அது. மனிதனில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 மி.லி. சுரக்கிறது, எந்த நேரத்திலும் இருப்பது 150 மி.லி. அளவுதான். குறுங்கால்வாய் அடைத்தால் மேலுள்ள அறைகள் ஏன் வீங்குகின்றன என்பது இப்போது கேட்காமலே தெரியும்.

சிறுமூளையின் வெட்டுமுகத்தில் வெண்ணிற இழைகள் மரக்கிளைகளாகப் பிரியும். மனித மூளையின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் சிறுமூளை, நியூரான்கள் என்ற நரம்பணுக்களிலோ ஐந்தில் நான்கு பங்கு அதனுள். அசைவின் நேரத்தையும் அளவையும் திருத்துவது அதன் வேலை. பெருமூளைச் சேதத்தின் விளைவு எதிர்ப்பக்கத்தில் தெரியும். சிறுமூளைச் சேதத்தின் விளைவு அதே பக்கத்தில் தெரியும், ஏனெனில் அதன் பாதை இரண்டு முறை குறுக்கே கடக்கிறது. தேர்வில் அதிகம் தவறுவது இங்கேதான்.

குறுக்குச் சீவல்கள்

ஒரு பாதியை அப்படியே வைத்துவிட்டு, மற்றதை ஒரு செ.மீ. தடிமனில் குறுக்கே சீவுங்கள். முதல் வெட்டு கயாஸ்மாவின் நேரில். வெளியோரத்தில் சாம்பல் நிறப் புறணி, உள்ளே வெண்ணிறப் பகுதி, ஆழத்தில் மறுபடியும் சாம்பல் நிறத் திட்டுகள். வென்ட்ரிக்கிளை ஒட்டிய திட்டு காடேட். அதற்கு வெளியே புட்டாமென். அசைவைத் தொடங்கவும் பழக்கமான செயல்களை நடத்தவும் இவை வேண்டும். இரண்டுக்கும் நடுவில் சாய்வாக இறங்கும் வெள்ளைப் பட்டைதான் இன்டர்னல் காப்ஸ்யூல். புறணியில் விரிந்து கிடந்த தசை ஆணைகள் எல்லாம் இங்கே ஒடுங்கி இறங்குகின்றன. புறணியில் ஒரு செ.மீ. சேதமானால் கையோ முகமோ மட்டும் பாதிக்கும். இங்கே அதே அளவு சேதம் உடலின் ஒரு பாதியை முழுக்க வீழ்த்திவிடும்.

மாமிலரி உறுப்பின் நேரிலும் அதற்குப் பின்னாலும் வெட்டினால் தலாமஸும், பொட்டு மடலின் உள்ளோரத்தில் சுருண்ட ஹிப்போகேம்பஸும் கிடைக்கும். 1953இல் வலிப்பு சிகிச்சைக்காக இரு பக்கத்திலும் இந்தப் பகுதியை அகற்றியபின், ஹென்றி மோலேசன் என்பவருக்குப் புதிய நினைவுகள் தங்கவே இல்லை. பழையவை பல இருந்தன, புதிய கைப்பழக்கங்களையும் கற்க முடிந்தது. ‘நினைவு இங்கே சேமிக்கப்படுகிறது’ என்று குறிப்பேட்டில் எழுதாதீர்கள். புதிய அனுபவத்தை நீடித்த நினைவாக மாற்ற இந்தப் பகுதி வேண்டும் என்பதே சரி.

நடுமூளையில் ஒரு வெட்டு. மனிதனில் சப்ஸ்டன்ஷியா நைக்ரா கருப்புப் பட்டையாக வெறுங்கண்ணுக்கே தெரியும். பார்க்கின்சன் நோயில் அது வெளுத்துவிடும். ஆட்டில் அவ்வளவு தெளிவு எதிர்பார்க்க வேண்டாம்.

இழைகளை உரித்துப் பார்க்க

மிச்சம் வைத்த பாதிக்கு இதுதான் நல்ல பயன். பாசல் நகரில் யோசப் கிளிங்க்லர் 1930களில் வகுத்த முறை: மூளையை ஓடும் நீரில் பல மணி நேரம் கழுவி ஃபார்மலினை வெளியேற்றி, பயாவை உரித்து, ஒரு வாரத்துக்கு மேல் உறையவைத்து, பின் நீரில் உருகவிடுவது. பனிப்படிகங்கள் இழைகளுக்கு நடுவே விரிந்து அவற்றைத் தளர்த்திவிடும். ஃபார்மலின் மிஞ்சியிருந்தால் படிகம் சரியாக உருவாகாது, இழை பிரியாமல் பொடியாக உதிரும்.

உலோகக் கருவி வேண்டாம். முனை தேய்த்த மெல்லிய மரக்குச்சி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பள்ளத்தின் அடியில் தொடங்கிப் புறணியைச் சுரண்டி எடுத்தபின், இழைகள் ஓடும் திசையிலேயே தள்ளுங்கள். குறுக்கே தள்ளினால் நீங்களே ஒரு பொய்யான எல்லையை உண்டாக்கிவிடுவீர்கள். அடுத்தடுத்த மேடுகளை இணைக்கும் U வடிவக் குட்டி இழைகள் முதலில் வரும். ஒவ்வொரு படலத்தையும் எடுக்குமுன் படம் பிடித்துக்கொள்ளுங்கள், எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

வேலையின் நடுவே மூளை உலரவிடக் கூடாது. ஈரத் துணி போட்டு மூடுங்கள். சீவல்களைச் சில நாள் வைத்திருக்க 70 சதவீத எத்தனால் போதும். பயன்படுத்திய ஃபார்மலினைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல், பெயர் எழுதிய மூடிய கேனில் சேர்த்து ஆய்வக வேதிக்கழிவோடு ஒப்படையுங்கள். மூளைத் துண்டுகளும் பொதுக் குப்பையில் சேரக் கூடாது, உயிரியல் கழிவில் போக வேண்டும்.